சிங்கப்பூரில் பொறியியல் படிப்பு: வளையலை அடகு வைக்கும் முன்

முதல் பருவக் கட்டணத்துக்காக அம்மா போட்ட இரண்டு வளையல்களையும் சிராங்கூன் ரோட்டில் ஓர் அடகுக் கடையில் வைத்தேன். கடைக்காரர் நிறுத்துப் பார்த்துச் சீட்டை நீட்டியபோது, ‘படிப்புக்குத்தானே’ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இங்கே அடகுக்கு மாதம் 1.5 சதவீதம் வரை வட்டி வாங்கலாம். மீட்க ஆறு மாதம்தான் தவணை. அதே நேரத்தில், படித்து முடிக்கும்வரை வட்டியே இல்லாத கல்விக் கட்டணக் கடன் என் பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. நான் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த இடத்தில், காசில்லை என்று போய் நிற்பதா என்ற கூச்சம். நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான்.

அடுத்த தவறு, கடன் கிடைக்கும் என்று தெரிந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது. ‘90 சதவீதம் வரை’ என்று இருப்பதைப் பார்த்து, மீதிப் பத்தைத்தானே திரட்ட வேண்டும் என்று நினைப்போம். ஆனால் அந்த 90 சதவீதம் குடிமக்கள் கட்டும் கட்டணத்தை வைத்துப் போடும் கணக்கு. நிரந்தரவாசிக்கும் வெளிநாட்டு மாணவிக்கும் அரசு மானியம் போகக் கட்டணம் அதைவிடக் கூடுதல். அந்த வித்தியாசம் முழுக்க நம் தலையில்தான் விழும். சேருவதற்கு முன்பே நான்கு ஆண்டுக்கும் அதைக் கூட்டிப் பாருங்கள். கடனுக்குப் பிணை நிற்க ஒருவர் வேண்டும். அவரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

கணவர் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் இன்னொரு வழியும் உண்டு. அவர் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியின் (CPF) சாதாரணக் கணக்கிலிருந்து, மானியம் பெறும் முழுநேரப் படிப்புக்கு மனைவியின் கட்டணத்தைக் கட்டலாம். படித்து முடித்து ஓராண்டு கழித்து ரொக்கமாக, வட்டியோடு திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தவணையும் அதே கணக்கிலிருந்துதான் போகிறதா? அப்படியானால் முதலில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மூன்று மாதம் தாமதமாக நடந்தது. அந்த மூன்று மாதமும் நாங்கள் சரியாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

கல்வி அமைச்சின் கல்விக் கட்டண மானியத்தை ஏற்றுக்கொள்ளும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவிகளும், படித்தபின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். மீறினால் இழப்பீடு கட்ட வேண்டும். ஒப்பந்தம் நல்லதுதான், நானும் போட்டேன். ஆனால் கணவர் ‘இன்னும் ரெண்டு வருஷத்தில் ஊருக்குப் போயிடலாம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிணை நிற்பவர்களையும் சேர்த்துத்தான் அது கட்டிப்போடும்.

இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, ஏனென்றால் நம் பெண்கள் நிறையப் பேர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். கணவரின் வேலை அனுமதியை வைத்துக் கிடைக்கும் சார்ந்திருப்போர் அனுமதியில் (Dependant's Pass) இருந்துகொண்டு, செலவுக்காக வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது. 2021 மே முதல், அந்த அனுமதியில் இருப்பவர்கள் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் தனி வேலை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் சம்பாதித்து மாட்டிக்கொண்டால் படிப்பு மட்டுமல்ல, இங்கே தங்குவதே போய்விடும். மாணவர் அனுமதியில் இருப்பவர்களும் தங்கள் கல்விக்கூடம் மனிதவள அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் பருவக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

‘எளிதில் இடம் கிடைக்கும்’ என்று தனியார் பள்ளியில் அவசரமாகப் பணம் கட்டுவதும் தவறு. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்து ஒருநாள் பதிவுபெற்ற பொறியாளராக வேண்டும் என்ற ஆசை இருந்தால், அந்தப் பட்டம், பொறியாளர்களைப் பதிவு செய்யும் நிபுணத்துவப் பொறியாளர் வாரியத்தின் (Professional Engineers Board) பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டிய பணத்துக்குக் காப்புறுதி உண்டா என்றும் கேளுங்கள்.

அப்புறம், வயிற்றில் பிள்ளை இருந்தால் மறைக்காதீர்கள். சொல்லாமல் தேர்வைத் தவறவிடுவதைவிட ஒரு பருவம் விடுப்புக் கேட்பது எவ்வளவோ மேல்.

இரண்டாம் ஆண்டில்தான் உதவித்தொகைப் படிவத்தோடு நிதியுதவி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த அக்கா படிவத்தைப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் நான் காலியாக விட்டிருந்த கட்டத்தில் விரலை வைத்தார். “இதில் உன் நிலைமையை எழுதும்மா. எழுதாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?” அங்கேயே ஓரமாக உட்கார்ந்து எழுதினேன். வீட்டில் எத்தனை பேர், கணவர் சம்பளம் எவ்வளவு, மாமனாரின் டயாலிசிஸுக்கு ஊருக்கு எவ்வளவு போகிறது, எல்லாவற்றையும். கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் தொடர்ந்தேன்.