அரிக்கமேட்டுப் பானையோட்டைப் பிடித்து அலெக்சாந்திரியா வரை போவது எப்படி?

புதுச்சேரிக்குப் பக்கத்தில், ரோமானியரோடு வணிகம் நடந்த பழந்துறைமுகம் அரிக்கமேடு. அங்கே நேரே போய் இறங்கினால் ஏமாற்றம்தான். மரத்தோப்பு, அரியாங்குப்பம் ஆறு, இடிந்த செங்கல் தூண்கள், அவ்வளவே. அந்தத் தூண்களை ரோமானியர் கட்டியதாக நினைத்துப் படமெடுப்பவர்கள் பலர். அவை 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகளை மூடியாகிவிட்டது. அதனால் முதலில் பாரதி பூங்கா அருகிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகம், அப்புறம் மேடு. திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

உள்ளே ஆம்போரா சாடியின், அதாவது மதுவும் எண்ணெயும் கப்பலில் வந்த இருகைப்பிடிச் சாடியின், ஓடுகளைத் தேடுங்கள். முதலில் கைப்பிடி. இரண்டு களிமண் உருளைகளை ஒட்டிச் செய்து, உடைந்த முனை 8 போலத் தெரிந்தால் கிரேக்கத்தின் கோஸ் தீவு பாணி மதுச்சாடி. இத்தாலியிலும் எகிப்திலும் அதே பாணியில் செய்தார்கள் என்பதால் கைப்பிடியை மட்டும் நம்பி ஊர் சொல்லக் கூடாது; மண்ணையும் பாருங்கள். பழுப்பு மண்ணில் மைக்கா மினுமினுத்தால் நைல் வண்டலாக இருக்கலாம். கரும்புள்ளிகள் நிறைந்திருந்தால் இத்தாலியின் எரிமலை மணலை நினைக்கலாம். அடிப்பகுதி கூராக இருப்பது, கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின் தோள்களுக்கிடையே இன்னொன்றைச் செருகி அடுக்க. சாய்த்து ஊற்றும்போது அதுவே கீழ்ப்பிடி. உட்புறம் கறுப்புப் பூச்சு இருந்தால் பிசின், மது கசியாமலிருக்கப் பூசியது. எண்ணெய்ச் சாடிக்குப் பெரும்பாலும் பூசமாட்டார்கள், எண்ணெயில் பிசின் கரைந்துவிடும்.

பலரும் தடுமாறுவது ரௌலட்டட் (உருள்சக்கரப் புள்ளியிட்ட) தட்டில். உள்ளடியில் வட்டவட்டமாகக் குத்துப்புள்ளி இருக்கும், நிறம் சாம்பலோ கறுப்போ. வீலரே மேற்கிலிருந்து வந்ததென்று கருதினார். பின்னாளில் மண்ணைச் சோதித்தபோது இந்தியச் சரக்கு என்று தெரிந்தது. அரிட்டைன் எனும் இத்தாலிய மேசைப் பாண்டத்தின் ஓடு சிவந்து பளபளக்கும், சிலவற்றில் குயவர் முத்திரையும் இருக்கும்.

இனி சாடி வந்த வழி. கி.மு. 331இல் எகிப்துக் கடற்கரையில் நிறுவிய அலெக்சாந்திரியாவில் ஃபாரோஸ் தீவையும் கரையையும் இணைத்த கரைப்பாதை, துறைமுகத்தை இரண்டாகப் பிரித்தது. அங்கிருந்து கால்வாய் வழியே நைல். காற்று வாகாக இருந்தால் 12 நாளில் நைல் கரை ஊரான கோப்டோஸ். பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் இன்னும் 12 நாள் போனால் செங்கடல் துறை பெரெனிகே. ஜூலை வாக்கில் கப்பலேறி, தென்மேற்குக் காற்றைப் பிடித்து இந்தியா. திரும்ப வாடைக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அலெக்சாந்திரியா என்றதும் எல்லோரும் நூலகத்தையே பேசுகிறார்கள். வணிகருக்கு வயிற்றைக் கலக்கியது சுங்கம். கிழக்குச் சரக்கில் 25 விழுக்காடு வரி என்பதை, வியன்னாவிலுள்ள 2ஆம் நூற்றாண்டு முசிறி பாப்பிரஸ் (நாணல் தாளில் எழுதிய வணிக ஆவணம்) காட்டுகிறது.

மேட்டுக்குக் கடலூர் சாலையில் அரியாங்குப்பம் போய், காக்காயன்தோப்புப் பக்கம் திரும்புங்கள். மழைக்குப் பின் பானையோடுகளும் மணிகளும் மேலே தெரியலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படமெடுங்கள், கையில் எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்பது ஒருபுறம். கிடந்த இடத்தை விட்டு நகர்த்திய ஓட்டை வைத்து ஆய்வாளர் காலம் சொல்வதும் கடினம்.