ஊழியத்துக்கு வந்தவர்கள் கஷ்டப்படுகிற வீட்டில் செய்யும் தவறுகள்

வெளிநாட்டிலிருந்து மதுரைக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வருகிறவர்களில் பலர் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். செல்லூரிலோ வில்லாபுரத்திலோ ஒரு குடும்பத்தோடு பழக ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் இவர்களைக் கண்டாலே ஒதுங்கும், இல்லையென்றால் கண்டதும் கஷ்டத்தை மட்டும் சொல்லும். எங்கே கெட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. கூடப் போகிற நம்மூர்ச் சபையார்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பெரிய தவறு, கொடுக்கிற ஆளாகவே இருப்பது. நம் பக்கத்தில் காதணி விழா, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் வாசலில் மொய் மேஜை போட்டிருப்பார்கள். நோட்டில் பெயர், ஊர், தொகை ஏறும். சில மண்டபங்களில் கம்ப்யூட்டர் ரசீதே வந்துவிட்டது. ஐந்நூறு எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு ஐந்நூறோ கொஞ்சம் கூடவோ திரும்பப் போக வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வெறும் கடன் கணக்கு. ஆனால், 'நீயும் எனக்குச் செய்கிற ஆள்தான்' என்கிற மரியாதை இதற்குள் இருக்கிறது. அதனால் அவர்களிடம் சொல்ல வேண்டியது இது: விசேஷத்துக்குக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். அந்தத் தெருவில் என்ன எழுதுகிறார்கள் என்று விசாரித்து அதையே எழுதுங்கள். பாசத்தில் பத்தாயிரம் எழுதி அதை மைக்கில் வாசித்துவிட்டால் தாய்மாமன் செய்முறை சிறுத்துப்போகும். தாய்மாமன் முகம் சுருங்கினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அப்புறம், உங்கள் பிள்ளை பிறந்தநாளுக்கு அந்த அக்கா ஐம்பது ரூபாய்க் கவரோடு வந்தால் "எதுக்குக்கா இதெல்லாம்" என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். விருந்தாளி உட்கார்ந்ததும் பையன் பெட்டிக்கடைக்கு ஓடுவான், கலர் வாங்க. பெரும்பாலும் அது கணக்கில் எழுதி வாங்குவது. பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்த பிறகு "வயிற்றுக்கு ஒத்துக்காது" என்றால் காசும் போச்சு, மனசும் போச்சு. பையன் செருப்பை மாட்டுவதற்கு முன்பே "வரக்காப்பி போதும்க்கா" என்று கேட்டு வாங்கிக் குடிப்பது நல்லது. 'வேண்டாம்' என்று ஒருமுறை சொன்னால் இங்கே யாரும் விடமாட்டார்கள்.

காரைத் தெருவுக்குள் கொண்டுபோவதும் தவறுதான். வெள்ளைக்காரர் வந்துபோன சாயங்காலமே, வட்டிக்குக் கடன் கொடுத்து வசூலிக்கிற தண்டல்காரர் வந்து நிற்பார்: "எவ்வளவு குடுத்துட்டுப் போனாங்க?" ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? குழுக்கடன் தவணை கட்டுகிற நாளில் போவதும் ஆகாது. கடனை ஒரேயடியாக அடைத்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது; மிரட்டல் இருந்தால் வக்கீலோடு போலீசுக்குப் போகத் துணை நிற்பது மேல். பணத்தை நீட்டினால் அடுத்த கடனுக்கு நீங்களே ஜாமீன் என்றாகிவிடும்.

1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்ற இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலியை உதாரணம் காட்டாத ஆள் இல்லை. அவர் அந்த வேஷத்தில் நெருங்கிப் பழகியது பெரும்பாலும் மேல்சாதிக்காரர்களோடு என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இன்றைக்கும் வேட்டி கட்டிய ஐயா யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், யார் வீட்டு வாசலோடு திரும்பினார் என்று தெரு கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. மொழிபெயர்க்கப் போதகரையே எப்போதும் கூட்டிப் போனாலும் பேச்சு நகராது. சபைமேல் ஒரு குறை இருந்தால் அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்கள்?

அரிசி மூட்டையையும் ஜெபக்கூட்ட அழைப்பையும் ஒன்றாகக் கொண்டுபோகாதீர்கள். வாங்கியவர்களால் 'வரலை' என்று சொல்ல முடியாது. ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துவது அதைவிட மோசம். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைப்பார்கள். மகனின் கல்லூரி இடம், உதவித்தொகை, வேலை எல்லாம் இதில் தொங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர் வரட்டும். தெரியாமல் வந்தவர் பின்னால் உங்கள்மேல்தான் வருத்தப்படுவார்.

சட்ட விஷயம் சுருக்கமாக: டூரிஸ்ட் விசாவில் வந்து பிரசங்கம் செய்யக்கூடாது, மிஷனரி விசா தனியாக இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். யாரோ ஒருவர் சொந்தக் கணக்கில் போட்டு 'பிரித்துக் கொடுங்கள்' என்றால் மாட்டுவது அவர்தான்.

போட்டோ. ஊருக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் 'குடிகாரத் தகப்பன்' என்று எழுதி அந்தப் பெண்பிள்ளையின் முகத்தையும் போடுகிறார்கள். அது வாட்ஸ்அப்பில் சுற்றி அவள் படிக்கிற பள்ளிக்கே வந்து சேர எவ்வளவு நேரமாகும்? முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், தெருப்பெயரும் வேண்டாம்.

திரும்பிப் போகிற தேதியைக் கடைசி வாரம்வரை மறைக்காதீர்கள். பிள்ளைக்குப் பீஸ் கட்டுவதாக ஒத்துக்கொண்டிருந்தால், எந்த வகுப்புவரை, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது யார் கட்டுவார், பள்ளிக்கு நேராகவா சபை மூலமாகவா என்பதை அம்மா, அப்பா இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள்.