பேக்கப் மென்பொருள் வாங்கும் முன்: சாவி யாரிடம், அழிக்கும் உரிமை யாருக்கு?

கிளவுட் பேக்கப் விற்கும் எந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தாலும் 'ஏஇஎஸ்-256 குறியாக்கம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லோரிடமும் அது உண்டு. கேட்க வேண்டியவை இரண்டுதான்: குறியாக்கச் சாவி யாரிடம் இருக்கிறது? பேக்கப்பை யாரால் அழிக்க முடியும்? இரண்டுக்கும் டிரையல் காலத்திலேயே விடை கண்டுவிடலாம். இங்கே அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸை வைத்து விளக்குகிறேன். மற்ற கிளவுடுகளில் பெயர்களும் சில விதிகளும் மாறும், கேள்விகள் மாறாது.

இரண்டு தனி அக்கவுண்ட் தேவை. ஒன்றில் 8 ஜிபி வட்டுடன் ஒரு சோதனை சர்வர், மற்றது காலி; பேக்கப்பின் நகல் அங்கேதான் போகும். நிஜ வாடிக்கையாளர் தரவை எதிலும் வைக்க வேண்டாம்.

படி 1: அனுமதிப் பட்டியலைப் படியுங்கள்

மென்பொருள் ஒரு கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட் (தனக்கு வேண்டிய அனுமதிகளை உங்கள் அக்கவுண்டில் அமைக்கும் கோப்பு) கொடுத்து 'ரன்' அழுத்தச் சொல்லும். அழுத்தாமல் டவுன்லோட் செய்து திறந்து பாருங்கள். ஈசி2-வுக்கு (ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் சேவை) பக்கத்தில் வெறும் நட்சத்திரக்குறி இருந்தால், எல்லா அனுமதியும் என்று பொருள்; உங்கள் சர்வர்கள் முழுவதும் மென்பொருள் நிறுவனத்தின் வசம். 'மாடிஃபை ஸ்நாப்ஷாட் ஆட்ரிபியூட்' இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்நாப்ஷாட்டை, அதாவது வட்டின் அந்த நேரத்து நகலை, வேறொரு அக்கவுண்டுக்குப் பகிர அந்த ஒரு அனுமதி போதும். 'டிலீட் ஸ்நாப்ஷாட்' பழையதைக் கழிக்கத் தேவைதான், ஆனால் மென்பொருள் தானே ஒட்டிய டேக் (அடையாளச் சீட்டு) உள்ளவற்றுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்க வேண்டும்.

மென்பொருள் உங்கள் அக்கவுண்டுக்குள் வரப் பயன்படுத்தும் அனுமதித் தொகுப்பு ரோல். அதில் எக்ஸ்டர்னல் ஐடி (வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும் அடையாள எண்) இல்லையென்றால், உங்கள் ரோலின் பெயர் தெரிந்த, அந்த நிறுவனத்தின் இன்னொரு வாடிக்கையாளர், அதே மென்பொருள் வழியாக உங்கள் அக்கவுண்டுக்குள் நுழைய வழி உண்டு. ரோலே வேண்டாம், ஆக்சஸ் கீ (கடவுச்சொல் போன்ற நிரந்தரச் சாவி) கொடுங்கள் என்று கேட்கும் மென்பொருளை அங்கேயே நிராகரித்துவிடுங்கள்.

படி 2: சாவி

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வட்டை ஏடபிள்யூஎஸ் தானே வைத்திருக்கும் இயல்பான சாவியால் குறியாக்கம் செய்திருந்தால் ஸ்நாப்ஷாட் எடுபடும், பச்சை டிக்கும் வரும். இரண்டாவது அக்கவுண்டுக்குப் பகிரும்போதுதான் மறுக்கும். அந்தச் சாவியின் பாலிசியை (யார் பயன்படுத்தலாம் என்ற விதியை) நீங்கள் திருத்த முடியாது, அதனால் வெளி அக்கவுண்டுக்கு அனுமதி தரவும் வழியில்லை.

ஏடபிள்யூஎஸ்ஸின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ்ஸில் சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கி, ஸ்நாப்ஷாட்டை அந்தச் சாவியால் நகலெடுங்கள். சாவி மாறுவதால் முதல் நகல் முழு அளவில் இருக்கும், சேமிப்புச் செலவில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவியின் பாலிசியில் இரண்டாவது அக்கவுண்டுக்கு டிஸ்கிரைப் கீ, டிகிரிப்ட், ரீஎன்கிரிப்ட், கிரியேட் கிரான்ட் (சாவியைப் பயன்படுத்தும் உரிமையை மற்றொன்றுக்குத் தருவது) ஆகிய அனுமதிகள் வேண்டும். கடைசியை விட்டுவிட்டால் மீட்டெடுத்த சர்வர் 'பெண்டிங்' காட்டிவிட்டுத் தானாகவே 'டெர்மினேட்டட்' ஆகும். காரணம் என்ற இடத்தில் 'கிளையன்ட் இன்டர்னல் எரர்' என்றுதான் இருக்கும், சாவியைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது.

இரண்டாவது அக்கவுண்டுக்குப் போய்ச் சேர்ந்த நகலை அந்த அக்கவுண்டின் சாவியால் மறுபடி குறியாக்கம் செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் அக்கவுண்டில் புகுந்தவர் சாவியை அழித்தாலே இரு நகலும் செத்தன. சாவி அழிவதற்கு 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு; அழிக்கச் சொல்லி உத்தரவு விழுந்ததும் அலாரம் அடிக்கும்படி வையுங்கள்.

படி 3: அழித்துப் பாருங்கள்

2014 ஜூனில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தந்த கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் ஏடபிள்யூஎஸ் கன்சோலுக்குள் நுழைந்தவர் சர்வர்களோடு ஸ்நாப்ஷாட்களையும் அழித்தார். நிறுவனமே மூடப்பட்டது. ஆகவே நீங்களே அட்மினாக நுழைந்து பேக்கப் முழுவதையும் அழிக்க முயலுங்கள். அழிந்தால் அந்த மென்பொருள் தேறவில்லை.

ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பான எஸ்3-இல், குறித்த காலம் வரை அழிக்க விடாத பூட்டு ஆப்ஜெக்ட் லாக். அதில் கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ் என இரண்டு முறைகள் உண்டு. முதலாவதைத் தனி அனுமதி பெற்றவர் மீறலாம், இரண்டாவதை அக்கவுண்டின் முதன்மை உரிமையாளரான ரூட் பயனராலும் மீற முடியாது. இரண்டாவது அக்கவுண்டுக்குக் கம்ப்ளையன்ஸ்தான் சரி என்பது என் முடிவு. ஆனால் சோதனையில் காலத்தை 1 நாள் என்றே வையுங்கள். கைதவறி 365 போட்டால், அக்கவுண்டையே மூடினால் தவிர அந்த ஆண்டு முழுவதும் பில் வரும்.

படி 4: மீட்டெடுங்கள்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேப் தன் தரவுத்தளத்தை இழந்தபோது, பதிப்பு பொருந்தாததால் பேக்கப் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்நாப்ஷாட் எடுத்து, இரண்டாவது அக்கவுண்டில் எழுப்பி, கடைசி வரிசை வரை இருக்கிறதா என்று பாருங்கள். எழுப்பிய சர்வரை இணையத்துக்குத் திறக்காதீர்கள். பழைய கடவுச்சொற்களும் பேட்ச் போடாத மென்பொருளும் அதோடு உயிர்த்தெழும்.

பின்சேர்ப்பு: குறியாக்கம் இல்லாத ஸ்நாப்ஷாட்டைத் தவறுதலாகப் பொதுவில் திறந்துவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கும் 'பிளாக் பப்ளிக் ஆக்சஸ்', இயல்பான குறியாக்கம் இரண்டையும் ஒவ்வொரு ரீஜனிலும் (ஏடபிள்யூஎஸ்ஸின் தரவு மையப் பகுதி) தனித்தனியே போட வேண்டும். ஏற்கெனவே உள்ள வட்டுகள் இதனால் குறியாக்கம் ஆகிவிடாது.

டிரையல் முடிந்ததும் மென்பொருளை நீக்குவதோடு நிற்காமல், ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி மேலாண்மைப் பகுதியான ஐஏஎம்மில் அதன் ரோலை அழித்து, கேஎம்எஸ்ஸில் அது விட்டுச்சென்ற கிரான்ட்களையும் ரத்து செய்யுங்கள்.