‘கோயமுத்தூருக்குக் கொண்டு போங்க’ என்பதற்கு முன்னால்: பாம்புக்கடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி கரண்ட் வந்ததும் தண்ணி கட்டப் போகிறவர்கள், மஞ்சள் காட்டில் களை எடுக்கிறவர்கள், தோட்டத்துச் சாளையில் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். நம் கொங்குப் பக்கம் பாம்பு கடிப்பது பெரும்பாலும் இவர்களைத்தான். முதலில் வந்து சேர்வது பக்கத்து ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிக்கு. அங்கே வென்டிலேட்டர் இருக்காது. ராத்திரியில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் இருந்தாலே பெரிது. அவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

அங்கே நடக்கிற முதல் தவறு, விஷமுறிவு மருந்து கையில் இருந்தும் போடாமல் அனுப்பிவிடுவது. “இங்க வசதி இல்லைங்க, கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க” என்பார்கள். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் வரவே திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அவ்வளவு நேரமும் விஷம் உடம்புக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். விஷம் ஏறியது தெரிந்தால் முதல் டோஸ் போட வென்டிலேட்டர் தேவையில்லை. டிரிப் ஏற்ற ஊசி, ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின், கையால் அமுக்கி மூச்சு கொடுக்க ஆம்பு பை இருந்தால் போதும். போட ஆரம்பித்துவிட்டு அனுப்புங்கள்.

விஷம் ஏறியதா என்று பார்க்க லேப் வேண்டும் என்று நினைப்பதும் தவறு. ஒரு கண்ணாடிக் குழாய் போதும். ரத்த நாளத்திலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து அதில் விட்டு, 20 நிமிஷம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள். தண்ணியாகவே ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் செய்கிற வேலை இது. இந்தச் சுலபமான சோதனை கெட்டுப்போவதும் சுலபம். குழாய் புதிதாக, உலர்ந்து இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் கெட்டது. முதல் தடவை உறைந்துவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, ஒரு நாளாவது வைத்திருக்க வேண்டும்.

கட்டுவிரியன் விஷயத்தில் இந்தக் குழாய் உதவாது. அது கடித்தால் ரத்தம் சாதாரணமாக உறையும். பல சமயம் கடிவாய் கண்ணுக்கே தெரியாது, வலியும் இருக்காது. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வந்து, இமையும் தொங்கினால், அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு மூச்சு நின்றுபோகலாம். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஆம்பு பையை அமுக்க வண்டியில் ஓர் ஆள் கூடவே போக வேண்டும்.

மருந்தைச் சிக்கனம் பிடிப்பது இன்னொரு தவறு. நம் நாட்டு முறைப்படி முதல் டோஸ் 10 குப்பி. குழந்தைக்கும் அதேதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. விஷம் ஏறிய அறிகுறியே இல்லாதவருக்குப் போட்டு வீணாக்கவும் கூடாது. அந்தக் குப்பிகள் அடுத்து வருகிறவருக்கு வேண்டும். தூள் மருந்தைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும், மெல்லச் சுழற்றுங்கள். ஒவ்வாமை வருமா என்று பார்க்க முன்கூட்டி டெஸ்ட் டோஸ் போடுவதில் பயன் இல்லை. ஒவ்வாமை வந்தால் தொடைத் தசையில் போட, பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராக வைப்பதுதான் பாதுகாப்பு.

வீட்டார் இறுக்கிக் கட்டிய கயிற்றை வந்ததும் அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். தேங்கியிருக்கும் விஷம் ஒரேயடியாக ஏறும். டிரிப்பும் மருந்தும் தயாரான பிறகு மெதுவாகத் தளர்த்தலாம்.

அப்புறம், அனுப்பும் சீட்டு. ‘பாம்புக்கடி, மேல்சிகிச்சைக்கு’ என்று மட்டும் எழுதினால் அங்கே இருக்கிற டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். கடித்த நேரம், குழாய்ச் சோதனை பார்த்த நேரமும் முடிவும், எத்தனை குப்பி எப்போது போட்டது, இமை தொங்கியதா என்பதை எழுதி, வண்டி கிளம்பும்போதே அங்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.