உப்பனாற்றுக் கொடுவாவுக்கு மரத்தில் ஒரு மீன்

கடலூர் முதுநகரில் கடைப் பலகை எழுதுவதும் படகுகளுக்குப் பெயர் எழுதுவதும் என் தொழில். சாயங்காலம் ஆனால் உப்பனாற்றங்கரையில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுவேன். கையில் தூரிகை பிடித்தவன் என்பதால் லூரையும், அதாவது இரை மீன் போல ஏமாற்றும் போலி மீனையும், நானே செய்துகொள்கிறேன். கடை லூர் பாலத் தூணில் சிக்கி அறுந்தால் மனசு ரெண்டு நாள் ஆறாது. நாமே செய்தது போனால் அடுத்ததைச் செய்ய உட்கார்ந்துவிடலாம்.

முதலில் மரம். லூருக்கு எடையில்லாத மரம்தான் வேண்டும். சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு பக்கம் இப்போது எல்லாம் ஃபைபர் படகு. பழைய கட்டுமரத்தின் துண்டுகள் கரையில் சும்மா கிடக்கும். உரியவரிடம் கேட்டு ஒரு துண்டு வாங்குங்கள். மிதப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த மரம் அது, உளிக்கும் நன்றாக வளையும். உப்பு ஊறிய மேல்பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட்டு உள்மரத்தை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். அது கிடைக்காவிட்டால் கல்யாண முருங்கை. இன்னும் லேசு, ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும், எப்பாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) கூட ஒரு பூச்சு கேட்கும். தேக்கு வேண்டாம். மரமே கனமாக இருந்தால் வயிற்றில் ஈயம் வைக்க இடம் இருக்காது. மேலே லேசான மரம், கீழே கனமான ஈயம் என்று இருந்தால்தான் லூர் நிமிர்ந்து நின்று இருபக்கமும் ஆடும்.

அளவு 11 செ.மீ. நீளம், 2.2 செ.மீ. உயரம், ஒன்றரை செ.மீ. தடிமன். இது கவலை மீனுக்கான தட்டையான உடம்பு. தட்டையான பக்கம் திரும்பும்போதெல்லாம் பளிச்சென்று அடிக்கும், ஆட்டமும் வேகமாக இருக்கும். மடவை மாதிரி வேண்டுமென்றால் உடம்பை உருட்டலாக விடுங்கள், மெதுவாகப் புரண்டு வரும். அட்டையில் பக்கவாட்டு வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு மரத்தில் வரைந்து அறுங்கள். முதுகிலிருந்து வயிறு வரை நடுக்கோடு ஒன்று பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். இடம் வலம் சமமாக இல்லாத லூர் நேராக நீந்தாது. 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220-இல் முடித்தால் போதும்.

நடுக்கோட்டை ஒட்டி வயிற்றுப் பக்கம் ஹாக்ஸா பிளேடால் ஒரு பிளவு அறுங்கள். மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பியாக 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி அதில் உட்கார வேண்டும். 316 ரகம் கிடைத்தால் நல்லது, உப்புத் தண்ணீரைத் தாங்கும். நூலோ தூண்டில் முள்ளோ மாட்டும் வளையமாக மூக்கில் ஒரு கண், வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று. தனித்தனியாகத் திருகாணி வைத்தால் பெரிய கொடுவா தலையை உதறும் உதறலில் மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரே கம்பி என்றால் மரமே உடைந்தாலும் மீன் தூண்டிலில் இருக்கும்.

ஈயத்துக்கு வீச்சுவலைக் குண்டு போதும். வயிற்று முள்ளுக்குச் சற்று முன்னால் குழி தோண்டி வைக்கலாம். உருக்க வேண்டாம், கத்தியால் நறுக்கியே அளவு பார்க்கலாம். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். எவ்வளவு ஈயம் என்பதை வாளியில் பார்த்து முடிவு செய்யுங்கள். முகவாயில் பொருத்தப் போகும் உதட்டுத் தகட்டையும் முள்களையும் ரப்பர் பேண்டால் லூரோடு கட்டி மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வாளியில் குழாய்த் தண்ணீர் இருக்கக் கூடாது, தூண்டில் போடும் இடத்துத் தண்ணீர்தான் இருக்க வேண்டும். கடல் நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி. 20 மில்லி தண்ணீரைத் தள்ளும் லூருக்கு அரை கிராம் வித்தியாசம் வரும். குழாய்த் தண்ணீரில் அசையாமல் நடுவில் நின்றது முகத்துவாரத்தில் மேலே மிதக்கும். ஐப்பசி மழையில் ஆற்று நீர் இறங்கி உப்பு குறைந்த பிறகு இதே லூர் இன்னும் தாழும். முதுகு மட்டும் தெரிய மிதக்கும்படி வைப்பது என் வழக்கம். அளவு சரியானதும் அரால்டைட் பசையில் மரத்தூள் குழைத்துப் பிளவையும் குழியையும் அடைத்துவிடுங்கள்.

முகவாய்க்குக் கீழே வரும் உதட்டுத் தகடுதான் லூரை நீந்த வைக்கிறது. இதற்குப் பழைய சி.டி. அருமையான பொருள். 1.2 மி.மீ. பாலிகார்பனேட். வெந்நீரில் போட்டு எடுத்து வெட்டினால் விரிசல் விடாது. தகடு உடம்போடு ஒரே கோட்டில் நீண்டிருந்தால் லூர் ஆழமாக முங்கும், செங்குத்தாக நிமிர்ந்திருந்தால் மேலாக, அகலமாக ஆடி வரும். உப்பனாற்றில் ஆழம் குறைந்த இடம் நிறைய. அதனால் 60 டிகிரி அளவில் நிமிர்த்தி வைக்கிறேன். உதட்டுக்கான பள்ளத்தை மரம் சதுரமாக இருக்கும்போதே அறுத்துவிட்டால் கோணல் வராது.

இனி வண்ணம். படகுக்கு எழுதும் எனாமல் பெயிண்ட் இதற்கு ஆகாது. காய்வதற்கு நாளாகும், மேலே தெளிவுப் பூச்சு போட்டால் சுருங்கிக்கொள்ளும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாங்குங்கள். முதலில் மரத்துக்கு எப்பாக்சியை மெல்லப் பூசிக் காயவிட்டு, லேசாகத் தேய்த்து, முழுக்க வெள்ளை அடியுங்கள். அடிவெள்ளை இல்லாமல் எந்த நிறமும் எடுப்பாக வராது.

முதுகு கருமை, பக்கம் வெளிச்சம், வயிறு வெள்ளை. பெரும்பாலான மீன்களுக்கு இதுதான் அமைப்பு. வெயில் மேலிருந்து விழுவதால் இப்படி இருக்கிற உடம்பு தண்ணீரில் கரைந்து தெரியும். இதைப் பூசத் தூரிகையைவிடச் சின்னப் பஞ்சு நல்லது. ஒற்றி ஒற்றி எடுத்தால் ஒரு நிறம் இன்னொன்றில் கோடு தெரியாமல் இறங்கும். செதிலுக்குக் கொசுவலைத் துண்டை உடம்பின்மேல் இறுக்கிக் கட்டி, வெள்ளியை அதன் மேல் ஒற்றுங்கள். வலையை எடுத்தால் செதில் வரிசை நிற்கும். வலை அசையவே கூடாது, பின்னால் துணி கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்தைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஆறு தெளிந்து வரும், அப்போது நீலப்பச்சை முதுகும் வெள்ளிப் பக்கமும் போதும். மழைக் கலங்கலில் வெள்ளி காணாமல் போய்விடும். தங்க நிறம், கிளிப்பச்சை, இல்லாவிட்டால் வெள்ளை உடம்பில் சிவப்புத் தலை. சிவப்பு தெளிந்த தண்ணீரில் ஆழம் போகப்போக முதலில் மங்கும் நிறம். அங்கே அது கருமையாகத்தான் தெரியும். அப்படியும் சிவப்புத் தலை வேலை செய்வது வெள்ளையோடு இருக்கும் வேறுபாட்டால். பூசி முடித்ததை ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் போட்டு, ஒரு கை தூரத்திலிருந்து பக்கவாட்டில் பாருங்கள். மேசையில் கண்ணைப் பறித்த பல லூர்கள் அங்கே வெறும் சாம்பலாக நிற்கும். நுணுக்கமான கோடுகளை அழித்துவிட்டு இரண்டு பெரிய நிறப்பகுதிகளாக மாற்ற அப்போது தயங்க வேண்டாம்.

சிற்பி சாமிக்குக் கடைசியாகக் கண் திறப்பது போல இதற்கும் கண்ணைக் கடைசியில் வையுங்கள். மஞ்சள் வட்டம் காய்ந்ததும் ஆணித் தலையைக் கறுப்பில் தொட்டு நடுவில் ஒரு பொட்டு. கண் பெரிதாகவே இருக்கட்டும்.

மேல் பூச்சுக்கு மெதுவாக இறுகும் தெளிவான எப்பாக்சி. படகுக் கூடத்துப் பாலியெஸ்டர் ரெசினை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அதை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டும் ஹார்டனரும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும் அளவுக்குச் சூடாகும். எப்பாக்சி பூசிய லூரைத் திருப்பிக்கொண்டே இருக்காவிட்டால் கீழ்ப்பக்கம் சொட்டாக இறுகிவிடும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுற்றும், அதற்கு மிகப் பொருத்தம். காயலான் கடையில் கிடைக்கும். சிலது 230 வோல்ட், சிலது 21, சீட்டைப் படித்துவிட்டு இணையுங்கள். மழைநாளில் பூசாதீர்கள், ஈரக்காற்றில் எப்பாக்சி பால் பூத்தது போல மங்கும். நல்ல வெயில் நாளில் உச்சிப்பொழுதில் பூசி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கம்பி மரத்தை விட்டு வெளியே வரும் இடங்களில் குச்சியால் எப்பாக்சியை உள்ளே தள்ள வேண்டும். அங்கே தண்ணீர் புகுந்தால் மரம் ஊதி வண்ணம் வெடித்துவிடும்.

உதட்டுத் தகட்டை அரால்டைட்டில் ஒட்டி, வளையம் போட்டு, 1-ஆம் நம்பர் மும்முள்ளை மாட்டுங்கள். கொடுவா இரையை வாய்க்குள் உறிஞ்சி எடுக்கும் மீன், அதனால் வயிற்று முள் கூர்மையாக இருக்க வேண்டும். கரையோரமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வால் உங்கள் பக்கமாக இருக்கும்படி பிடித்தால் எது இடமோ, அந்தப் பக்கம் லூர் ஓடுகிறது என்றால் மூக்குக் கண்ணைக் குறட்டால் துளி வலப்பக்கம் வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். நூலிழை அளவு வளைத்து, மறுபடி இழுத்து, மறுபடி வளைக்க வேண்டும். நேராக வரத் தொடங்கியதும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், வேகத்திலும் புரளாமல் வந்தால் பாலத் தூணோரம் நீர் வற்றும் நேரத்துக்கு எடுத்துப் போகலாம்.