தாம்பூலப் பையில் பெயர் பதிக்கலாம்

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு 200 தாம்பூலப் பைகளில் மணமக்கள் பெயரை நானே வீட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டேன். சட்டத்தில் கட்டிய வலை வழியாக, ரப்பர் பட்டையால் மையை இழுத்துத் துணியில் இறக்கும் முறை அது. அன்றிலிருந்து ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொடுக்கச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது எமல்ஷனைத்தான். வெளிச்சம் பட்டால் இறுகும் அந்தக் கலவையை முதல் மாதம் தொடவே வேண்டாம். காகிதத்தை வெட்டி அச்சிட்டுப் பழகுங்கள். கை பழகுமுன் எமல்ஷனில் இறங்கினால், அச்சு கெட்டதற்குக் கலவை காரணமா, இழுத்த கை காரணமா என்று கண்டுபிடிக்க முடியாது.

முதலில் மரச்சட்டம். உள்ளளவு 12-க்கு 16 அங்குலம் இருந்தால் ஒரு பைக்குத் தாராளம். தண்ணீரில் ஊறி வளையாமல் இருக்க வார்னிஷ் அடித்துவிடுங்கள். துணியில் அச்சிட, ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள பாலியஸ்டர் வலை வேண்டும். கடையில் 43டி என்று கேளுங்கள். அங்குலக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 110. அழைப்பிதழ் போன்ற காகித வேலைக்கு இதைவிட நெருக்கமான வலை வேண்டும். வலையைச் சட்டத்தில் ஸ்டேப்பிள் அடிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலிருந்தும் தொடங்கி, எதிரெதிராக இழுத்துக்கொண்டே மூலைக்குப் போங்கள். விரலால் சுண்டினால் மேளத்தோல் போல ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் பிரித்து மறுபடி அடியுங்கள். தொய்ந்த வலையில் எந்த எழுத்தும் கூர்மையாக விழாது.

அடுத்து எழுத்தை வெட்டுவது. பட்டர் பேப்பரில் பெயரைப் பெரிதாக வரைந்து, புது பிளேடு போட்ட கத்தியால் வெட்டுங்கள். ப, ட, ர எல்லாம் சிரமமில்லாமல் வரும். சிக்கல் ன, ண, வ போன்ற சுழி எழுத்துகளில்தான். வெட்டியதும் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு தனியே கழன்றுவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் சுழி அடைபட்டு, மைத்திட்டாக விழும். எங்கள் மணப்பெண்ணின் பெயரில் மட்டும் மூன்று சுழிகள். துண்டுகளை ஒரு கிண்ணத்தில் பத்திரப்படுத்தி, வெட்டிய காகிதத்தைச் சோதனைத் துணிமேல் விரித்து, சாமணத்தால் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். அதன்மேல் சட்டத்தை மெல்ல இறக்கி ஒரு முறை மையை இழுத்ததும், மையின் பசையே காகிதத்தையும் துண்டுகளையும் வலையோடு ஒட்டவைத்துவிட்டது. அதன்பின் அவை நகரவில்லை. ஒரு காகிதம் எனக்கு முப்பது பை வரை தாங்கியது.

காடாத் துணிப் பையாக இருந்தால் முதலில் கஞ்சி போக அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். பைக்குள் ஓர் அட்டையைச் செருகினால் மை மறுபக்கம் ஊறாது. தண்ணீர் மைக்கு 100 கிராம் பைண்டரில் (நிறத்தைத் துணியில் பிடித்துவைக்கும் பசை) 5 கிராம் நிறமி கலந்தால் போதும். பிளாஸ்டிக் கலந்த பிளாஸ்டிசால் மை வேண்டாம். ஏறத்தாழ 160 டிகிரி வெப்பம் ஏறினால்தான் அது முழுவதும் இறுகும், வீட்டில் அதைச் சீராக எட்டுவது சிரமம்.

சட்டத்தின் உள்விளிம்புகளை டேப்பால் அடைத்து, மேல்பக்கம் ஒரு விரல் தடிமனுக்கு மையை வரிசையாக ஊற்றுங்கள். நான்கு மூலைக்கும் அடியில் ஒவ்வொரு நாணயம் ஒட்டி, வலை துணியைத் தொடாமல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி செய்யுங்கள். யாராவது சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்குவீஜி எனப்படும் ரப்பர் பட்டையை உங்கள் பக்கம் சற்றே சாய்த்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். ரப்பர் கடந்த இடத்தில் வலை துணியைவிட்டு உடனே எழும்புவது கண்ணுக்குத் தெரியும். அது தெரிந்தால் இழுப்பு சரி.

தண்ணீர் மை வலையில் சீக்கிரம் காயும். பால் பொங்குகிறது என்று பத்து நிமிடம் அடுப்படிக்குப் போய்த் திரும்பியதில் ஒரு வலையையே இழந்தேன். எழுந்து போகும்படி நேர்ந்தால், சட்டத்தைத் தூக்கி எழுத்தின்மேல் மையை மெல்லப் பரப்பிவிட்டு, ஈரத்துணியால் மூடிவிட்டுப் போங்கள். வேலை முடிந்த கையோடு வலையைக் கழுவிவிடுங்கள்.

நூறு பைக்கு மேல் ஒரே எழுத்து வேண்டும் என்றால் அப்போது எமல்ஷனுக்கு வாருங்கள். பைகுரோமேட் கலக்கும் பழைய வகை வேண்டாம். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வெளிச்சத்தில் இறுகும் மருந்து முன்பே சேர்த்து வரும் வகையை வாங்குங்கள். மெல்லிய பூச்சாகப் பூசி, இருட்டறையில் படுக்கவைத்து மின்விசிறியில் காயவிடுங்கள். கருப்பாக அச்செடுத்த ஃபிலிமை வலையின் அடிப்பக்கத்தில் வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயில் காட்ட வேண்டும். கருப்பு எழுத்து மறைத்த இடம் இறுகாமல், கழுவும்போது கரைந்து திறக்கும். ரப்பர் இழுக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும். எத்தனை நிமிடம் என்பது வெயிலையும் கலவையையும் பொறுத்தது. ஒரு சின்ன வலையில் அட்டையால் மறைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு பட்டையாகத் திறந்துகொண்டே போங்கள். கழுவும்போது எந்தப் பட்டையில் எழுத்து சுத்தமாகத் திறந்து, சுற்றுப்புறம் கரையாமல் நிற்கிறதோ, அந்த நேரத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு நன்றாகக் காய்ந்தபின் மேலே மெல்லிய துணி விரித்து, பருத்திக்கான சூட்டில், நீராவி இல்லாமல், நான்கைந்து நிமிடம் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே தேயுங்கள். முதல் பையை நான் மூன்று நாள் கழித்துத்தான் அலசினேன். மூன்று சுழியும் அப்படியே இருந்தன.