மோர்ஸ் கான்டெஸ்டில் புள்ளி எங்கே ஒழுகுகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் ஹாம் ரேடியோக்காரர்களின் (அமெச்சூர் வானொலி) சி.க்யூ. வேர்ல்டு வைடு மோர்ஸ் போட்டி நடக்கும், உலகெங்கும் உள்ள நிலையங்களோடு முடிந்தவரை அதிகத் தொடர்பு கொள்வதுதான் ஆட்டம். 48 மணி நேரம், நம் நேரப்படி சனி காலை 5.30-லிருந்து திங்கள் காலை 5.30 வரை. ஒவ்வொரு தொடர்பிலும் கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான்: 599 என்ற ரிப்போர்ட் (சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற குறிப்பு), அப்புறம் உங்கள் மண்டல எண் (போட்டிக்காக உலகைப் பிரித்து வைத்திருக்கும் பகுதியின் எண்). இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 22, அந்தமானில் இருந்தால் 26. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் உங்கள் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) இருப்பதும் எதிரே இருப்பவர் லாகில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் அது புள்ளி. கால்சைனில் (நிலையத்தின் அழைப்புக் குறியில்) ஓர் எழுத்து பிசகினாலே அந்தத் தொடர்பு போய்விடும், கூடவே அதன் மதிப்பைப் போல இரண்டு மடங்கு அபராதமும் பிடிப்பார்கள். 3 புள்ளித் தொடர்பைத் தப்பாக எழுதினால் ஆக மொத்தம் 9 புள்ளி நஷ்டம். இதனால்தான் ஆன்டெனா, பவர் பற்றியெல்லாம் பேசுவதற்கு முன்னால் காதைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன். புள்ளி பெரும்பாலும் கேட்காமல் விட்ட இடத்தில்தான் போகிறது.

புதிதாக வருபவர்கள் செய்கிற முதல் தவறு வேகம். கம்ப்யூட்டரில் எஃப்1 அழுத்தினால் பதிந்து வைத்த அழைப்பு நிமிடத்துக்கு 32 வார்த்தை வேகத்தில் அழகாகப் போகிறது, சரி, ஆனால் பதில் சொல்கிறவரும் அதே 32-இல்தான் சொல்வார், அதை எழுத உங்களால் முடியுமா? உங்களுக்கு 20 வசதி என்றால் 20-லேயே கூப்பிடுங்கள். அனுபவசாலிகள் மரியாதைக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். 32-இல் கூப்பிட்டுவிட்டு ஒவ்வொருவரிடமும் மூன்று முறை திருப்பிக் கேட்பதைவிட இதில் மணிக்கு அதிகத் தொடர்பு கிடைக்கும்.

அடுத்தது ஸ்பாட்டை, அதாவது யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று இணையத்தில் வரும் அறிவிப்பை, நம்புவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று மிக அதிகமாகப் புள்ளி போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் இருக்கும் ஸ்கிம்மர்கள் மனிதர்கள் அல்ல, பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) கேட்கும் சிக்னலைத் தானாகப் படித்து ஸ்பாட் போடும் மென்பொருள். சிக்னல் மங்கி எழும்போது, அல்லது பக்கத்தில் ஒரு சடசடப்பு வரும்போது, ஒரு டிட் (மோர்ஸின் குறுகிய ஒலி) கூடும் அல்லது குறையும். எச் என்பது நான்கு டிட், 5 என்பது ஐந்து டிட். ஹங்கேரிக்காரர் எச்.ஏ. என்று அனுப்புவதில் ஒரு டிட் கூடினால் திரையில் 5.ஏ., அதாவது லிபியா! லிபியா அபூர்வம், ஓடிப்போய்க் கிளிக் செய்து, 5 என் என் 22 (599-இன் சுருக்கம், கூடவே மண்டலம்) தட்டி, லாக் பண்ணிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அவர் தன் கால்சைனைச் சொல்லும்வரை பத்து விநாடி காத்திருந்தால் போதும். அதேபோல ஜே-யில் ஒரு டா (நீண்ட ஒலி) குறைந்தால் டபிள்யூ: ஜப்பானின் ஜே.ஏ. அமெரிக்காவின் டபிள்யூ.ஏ. ஆகிவிடும். அமெரிக்கக் கால்சைன் என்று நினைத்தவர் மண்டலம் 25 என்று அனுப்புகிறார் என்றால் அங்கேயே உஷாராக வேண்டும், 25 ஜப்பானுடையது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு, மென்பொருள் தானாக நிரப்பும் மண்டல எண்ணை அப்படியே விட்டுவிடுவது. கலிஃபோர்னியா எண்ணுள்ள கால்சைனோடு நியூயார்க்கில் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். மென்பொருள் 3 என்று காட்டும், அவர் அனுப்புவது 5. காதில் விழுந்ததை எழுதுங்கள். சுருக்க எண்களையும் முன்பே பழகிவிடுங்கள்: 9-க்கு என், 0-வுக்கு டி, 1-க்கு ஏ. மேற்கு ஐரோப்பியர் 14 என்பதை ஏ4 என்று அனுப்பினால் திகைக்கக் கூடாது.

பைல்அப்பில், அதாவது ஒருவரைப் பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் நெரிசலில், கூப்பிடும் முறை. ஸ்பாட்டைக் கிளிக் செய்த அத்தனை பேரும் ஒரே அலைவரிசையில் ஒரே சுருதியில் வந்து விழுகிறார்கள், எதிரே இருப்பவருக்குக் கேட்பது ஒரே நீண்ட டோன். ஐம்பது ஹெர்ட்ஸோ கொஞ்சம் கூடவோ மேலே அல்லது கீழே நகர்ந்து கூப்பிட்டுப் பாருங்கள், சாதாரண வயர் ஆன்டெனாவோடும் சீக்கிரம் எடுபடும். உங்கள் கால்சைனை ஒரே முறை அனுப்புங்கள், அவருடைய கால்சைன் வேண்டாம், அவருக்கு அது தெரியும். அவர் வேறொருவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் கையைக் கீயிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்போதும் விடாமல் கூப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது, அவர்கள் கெடுப்பது தங்கள் வாய்ப்பை மட்டும் அல்ல, வரிசையில் நிற்கும் எல்லாருடையதையும்.

அவர் உங்கள் கால்சைனைத் தப்பாகத் திருப்பிச் சொன்னால்? ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் சிலர், அவசரம். முதலில் கால்சைனைத் திரும்ப அனுப்பித் திருத்துங்கள், அவர் சரியாகச் சொன்ன பிறகு போங்கள். அவர் எண்ணை மட்டும் திருப்பிக் கேட்டால் எண்ணை மட்டும் இரண்டு முறை அனுப்புங்கள், 5 என் என் வேண்டாம், கால்சைன் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில்.

நீங்களே ஓர் அலைவரிசையில் உட்கார்ந்து கூப்பிடும்போது முதலில் க்யூ.ஆர்.எல். (இந்த அலைவரிசை உபயோகத்தில் இருக்கிறதா) என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று பொறுத்துப் பாருங்கள். அழைப்பு சுருக்கமாக இருக்கட்டும்: டெஸ்ட் (போட்டிக்கான அழைப்பு என்று பொருள்), கால்சைன், டெஸ்ட். கடைசியில் ஒரு டெஸ்ட் வைப்பதற்குக் காரணம் உண்டு, பாதியில் வந்து சேருகிறவருக்கு நீங்கள் அழைக்கிறீர்கள் என்று அப்போதுதான் புரியும். ஒவ்வொரு தொடர்பு முடிந்ததும் கால்சைன் சொல்லுங்கள். நாலைந்து பேருக்கு ஒரு முறை சொல்லி நேரம் மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார்கள், காத்திருப்பவர் சலித்துப்போய் அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுகிறார். அப்புறம் ரிசீவரின் ஃபில்டர் (எவ்வளவு அகலம் காதில் விழும் என்பதைத் தீர்மானிப்பது): 200 ஹெர்ட்ஸில் இறுக்கி வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று புலம்ப வேண்டாம், தள்ளிக் கூப்பிடுகிறவர்கள் அதற்குள் விழமாட்டார்கள். 400, 500 வைத்துவிட்டு ஆர்.எஃப். கெயினை (ரிசீவரின் உணர்திறனை) குறைத்துப் பாருங்கள். ஆர்.ஐ.டி. (கேட்கும் அலைவரிசையை மட்டும் நகர்த்தும் வசதி) அணைந்திருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பாருங்கள்.

ஏற்கெனவே பேசியவர் மறுபடி கூப்பிட்டால் விரட்டாதீர்கள். முதல் தடவை உங்களை அவர் லாகில் ஏற்றாமல் விட்டிருக்கலாம், அப்படியென்றால் உங்கள் முதல் தொடர்புக்குத்தான் ஆபத்து. மறுபடி பேசி லாக் பண்ணுங்கள், இரட்டிப்புக்கு அபராதம் கிடையாது.

நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதில் நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் போட்டியில் வேறு கண்டத்துக்கு 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாட்டுக்கு 1, சொந்த நாட்டுக்குப் புள்ளியே இல்லை, ஆனால் பெருக்குத் தொகைக்கு (மொத்தப் புள்ளியைப் பெருக்கும் நாடு, மண்டல எண்ணிக்கைக்கு) உதவும். காலையில் 10, 15 மீட்டரில் ஜப்பான் கொட்டும், சுகமாக இருக்கும், அத்தனையும் ஒற்றைப் புள்ளி. அதில் களைத்துப்போய் மதியத்துக்கு மேல் ஐரோப்பா திறக்கும்போது தூங்கிவிடுபவர்கள் உண்டு. சென்னையில் அந்த வாரம் சூரியன் மறைவது மாலை 5.40 வாக்கில், உதிப்பது காலை 6.10 வாக்கில். அதையொட்டிய அரை மணி, முக்கால் மணி 40 மீட்டரிலும் 80 மீட்டரிலும் தூரத்துச் சிக்னல்கள் எழுந்து நிற்கும். சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் அந்த வேளைகளைத் தவிர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதியைப் படிக்காமல் உட்காருவதைப் பற்றி ஒரு பத்தியில் முடித்துவிடலாம். பிப்ரவரியில் வரும், அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.-இன் டி.எக்ஸ். (தூரத் தொடர்பு) போட்டியில் நமக்கு அமெரிக்காவும் கனடாவும் மட்டும்தான் கணக்கு, நாம் அனுப்ப வேண்டியது மண்டலம் அல்ல, நம் பவர். ஜூனில் ஜப்பானியர்கள் நடத்தும் ஆல் ஏசியன் போட்டியில் வயதைச் சொல்ல வேண்டும். மே மாத டபிள்யூ.பி.எக்ஸ். போட்டியில் தொடர்பின் வரிசை எண். போன போட்டியின் மேக்ரோவை (கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் செய்தியை) மாற்றாமல் வந்து 22, 22 என்று அனுப்பிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவரையும் சேர்த்துக் குழப்புகிறீர்கள்.

லாகில் நேரம் யு.டி.சி.-யில்தான் (உலகப் பொது நேரத்தில்) இருக்க வேண்டும், முந்தின நாளே கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். முடிந்த பிறகு கால்சைன் பட்டியலோடு ஒப்பிட்டு லாகைத் திருத்துவது விதிக்குப் புறம்பு, அதைச் செய்யாதீர்கள். கேப்ரில்லோ (போட்டி லாகுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக ஐந்து நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும், இருபது தொடர்புதானே என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மற்றவர்களின் லாகைச் சரிபார்க்க உங்களுடையதும் தேவை. முடிவு வந்ததும் லாக் சோதனை அறிக்கை என்று ஒன்று கிடைக்கும், எந்தக் கால்சைனை எப்படித் தப்பாக எழுதினீர்கள் என்று வரிவரியாக இருக்கும். அதை எடுத்துவைத்து எந்த எழுத்துகளில் உங்கள் காது தடுமாறுகிறது என்று பாருங்கள், மோர்ஸ் ரன்னர் என்ற மென்பொருளில் பயிற்சி செய்யும்போது அவற்றில் கவனம் வையுங்கள். நிஜ பேண்டில் பழக வேண்டும் என்றால் சி.டபிள்யூ.ஆப்ஸ் என்ற மோர்ஸ் கிளப் நடத்தும் ஒரு மணி நேரக் குட்டிப் போட்டிகள் வாராவாரம் உண்டு, நம் நேரத்துக்குத் தோதானவை புதன் மாலை 6.30-க்கும் வியாழன் காலை 8.30-க்கும். உறுப்பினராக இல்லாவிட்டாலும் கலந்துகொள்ளலாம், பெயரும் வி.யூ. (இந்தியக் கால்சைனின் முன்னெழுத்து) என்பதும் சொன்னால் போதும்.